ஒன்பதாம் இலக்கப் பலகை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற மாதம் கொழும்புச் செட்டியார் தெருவுக்குப் பின்னால் உள்ள ஓர் ஒழுங்கையில் ஒரு மாடிக் கடையை இடித்தார்கள். மூன்றே நாள். நாலாம் நாள் போய்ப் பார்த்தால் செம்மண் நிறத்தில் ஒரு வெறும் நிலம். எந்தப் பத்திரிகையிலும் அது செய்தியாக வரவில்லை. வருகிற அளவுக்குப் பெயர் பெற்ற கட்டடமும் அல்ல. அதன் சுவருக்குள் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

நான் வயறிங் வேலை செய்தவன். 1974 ஆம் ஆண்டு ஹட்டனில் இருந்து கொழும்புக்கு வந்தேன். அப்போது பதினாறு வயது. கொட்டாஞ்சேனையில் சித்தப்பா வீட்டில் தங்கி ஒரு பாஸிடம், அதாவது வேலை தெரிந்த மூத்த தொழிலாளியிடம், கையாளாகச் சேர்ந்தேன். அவர் என்னை முதன்முதல் கூட்டிப்போன இடம் இந்தக் கடைதான். உளியையும் சுத்தியலையும் கையில் தந்து, "இந்த இடத்தில் ஒரு துளை போடு, அந்தப் பக்கம் தெரிய வேண்டும்" என்றார். காலையில் தொடங்கினேன். மத்தியானச் சாப்பாடு வந்தும் அந்தப் பக்கம் தெரியவில்லை. இரண்டடிச் சுவர். மேலே சுண்ணாம்புப் பூச்சு, உள்ளே கபுக் கல் என்கிற செம்புரைக் கல். சுண்ணாம்பு மாவாக உதிர்ந்து என் தலை முழுவதும் வெள்ளை. கல் தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாகச் சிவந்து கிடந்தது. வெளியே வெயில் கொளுத்துகிறது, அந்தத் துளைக்குள் கையை விட்டால் குளிர்கிறது. பாஸ் அவசரப்படுத்தவில்லை. "இந்தச் சுவர் உன் தாத்தாவை விட மூத்தது. பார்த்துக் குத்து" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கடைக்கு இரும்பு ஷட்டர் கிடையாது. பலகைக் கதவு. ஒவ்வொரு பலகையும் ஏழடி உயரம், ஒரு சாண் அகலம், நல்ல தேக்கு. காலையில் ஒவ்வொன்றாகக் கழற்றி உள்ளே சாய்த்து வைப்பார்கள். இரவில் மேலும் கீழும் இருக்கும் காடியில் வரிசையாகச் செருகி, குறுக்கே ஓர் இரும்புப் பட்டம் போட்டுப் பூட்டுவார்கள். வரிசை தப்பினால் கடைசிப் பலகை உள்ளே போகாது. அதற்காக ஒவ்வொன்றிலும் இலக்கம் வெட்டியிருந்தது. ௧, ௨, ௩ என்று தமிழ் எண்ணில், உளியால் வெட்டியது. மொத்தம் பதினான்கு பலகை. அது முன்பு செட்டியார்களின் கிட்டங்கியாக, அதாவது அவர்கள் தொழில் நடத்தும் இடமாக, இருந்தது என்று சொல்வார்கள். பேரேடு எழுதிய கைப்பழக்கம் கதவிலும் இருந்திருக்கிறது. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தமிழ் எண்கள் படிக்கவில்லை. அந்தக் கதவில்தான் படித்தேன். அங்கே வேலைக்கு வந்த சின்னப் பையன்கள் எல்லாருக்கும் அப்படித்தான். முதல் நாள் பலகை அடுக்கத் தெரியாமல் நிற்பார்கள், ஒரு வாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு அடுக்குவார்கள்.

1983 ஜூலையில் அந்த ஒழுங்கைக்குத் தீ வைத்தார்கள். கூரை எரிந்து விழுந்தது. மாடித் தரை எரிந்து விழுந்தது. கதவில் நான்கு பலகை கரியாகிவிட்டது. சுவர் நின்றது. கடைக்காரர் குடும்பத்தோடு முகாமில் இருந்துவிட்டுச் சில மாதம் கழித்துத் திரும்பி வந்து, நாலு சுவரையும் கையால் தட்டிப் பார்த்து, "இது போதும், தொடங்கலாம்" என்றார். 1984 இல் புதுக் கூரை போட்டார்கள். முழு வயறிங்கும் நான் செய்தேன். பாஸ் இல்லாமல் நான் தனியாக எடுத்த முதல் கொந்தராத்து அது. எரிந்த நான்கு பலகைக்கும் பதில் புதுப் பலகை வெட்டித் தந்த தச்சர் மருதானைப் பக்கத்துச் சிங்களவர். அவருக்குத் தமிழ் எண் தெரியாது. ௩, ௪, ௫, ௬ என்று ஒரு சிகரட் பெட்டி அட்டையில் எழுதி வாங்கிக்கொண்டு போனார். கொண்டுவந்தபோது பழைய பலகையில் இருந்ததை விட அழகாக வெட்டியிருந்தார்.

தீயில் நின்ற அந்தச் சுவரை விழுத்தியது ஒரு பீலி. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே மழைத் தண்ணீரைக் கொண்டுபோகும் தகரப் பீலி. அதில் இலையும் குப்பையும் அடைத்துக்கொண்டது. ஒரு ஆள் ஏணி வைத்து ஏறினால் அரை நாள் வேலை. யார் ஏற்றுவது, யார் கூலி கொடுப்பது என்பதில் அது பல வருடம் கிடந்தது. தண்ணீர் வழிந்து சுவரில் இறங்கியது. காக்கை எச்சத்தில் வந்த ஒரு அரசம் விதை அங்கே முளைத்தது. வேர் சுண்ணாம்பைத் தேடிக்கொண்டு உள்ளே போனது. அப்போது ஒரு தடவை மெயின் போர்ட் மாற்றுவதற்காக நான் அங்கே போயிருந்தேன். கன்று முழங்கை நீளம் இருந்தது. பார்த்தேன். என் வேலை வயர் என்று நினைத்து வாயைத் திறக்காமல் வந்துவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் ஆறவில்லை.

அப்புறம் ஈரம் தெரிகிறது என்று யாரோ சொல்ல, சீமெந்து பூசினார்கள். புறக்கோட்டையிலும் கொட்டாஞ்சேனையிலும் நான் பார்த்த பழைய சுவர்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் கெட்டன. சுண்ணாம்புச் சுவர் தண்ணீரைக் குடிக்கும், வெயில் வந்தால் திருப்பி விட்டுவிடும். அதன் மேல் சீமெந்தைப் பூசினால் தண்ணீர் வெளியே போக வழியில்லை. உள்ளேயே நின்று உப்பாகப் பூத்துக் கல்லை அரிக்கும். இரண்டு மூன்று வருடத்தில் சீமெந்து தகடு தகடாகப் பெயரும், அதோடு கல்லின் முகமும் சேர்ந்து வரும். பார்க்கிறவர்கள், "சுவர் பழசு, செத்துவிட்டது" என்பார்கள். அது பழசால் சாகவில்லை, நாம் பூசிய பூச்சால் செத்தது.

தீ விபத்துகளைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். புறக்கோட்டையில் எந்தக் கடை எரிந்தாலும் "பழைய கட்டடம்" என்ற பேச்சுத்தான் முதலில் வரும். நாற்பது வருடம் அந்தக் கட்டடங்களில் வயர் இழுத்தவன் சொல்கிறேன்: ஆறு பல்புக்கும் இரண்டு மின்விசிறிக்கும் போட்ட லைனில் இருந்து மூன்று ஏசியும் ஒரு பிரீசரும் எடுத்தால் புதுக் கட்டடமும் எரியும். பியூஸ் போகிறது என்று அதில் தடித்த கம்பியைச் சுற்றி வைத்தவர்களை நானே கண்டிருக்கிறேன். சட்டைக் கடைப் பெட்டிகளை மெயின் போர்ட்டை மறைத்துக் கூரை வரை அடுக்குவார்கள். வயறிங்கை மாற்றினால் போதும், கட்டடத்தை இடிக்கத் தேவையில்லை.

சரி, ஏன் யாரும் திருத்துவதில்லை? 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்தைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. குடியிருந்தவர்களை முதலாளிமார் நினைத்த நேரம் வெளியே போடாமல் காத்த சட்டம் அது. அதனால் எங்கள் சித்தப்பா போன்றவர்கள் கொழும்பில் தலைநிமிர்ந்து இருந்தார்கள், அதை நான் மறக்க மாட்டேன். ஆனால் வாடகை பழைய கணக்கிலேயே நின்றுவிட்டது. ஒரு மாத வாடகை ஒரு சோற்றுப் பார்சலின் விலைக்கும் வராத கடைகளில் நான் வேலை செய்திருக்கிறேன். அந்தக் காசில் சொந்தக்காரர் ஓடு மாற்றுவாரா? "என் கட்டடமா இது, நான் ஏன் செலவழிக்க வேண்டும்" என்பார் குடியிருப்பவர். சொந்தக்காரருக்கோ கட்டடம் விழுந்தால்தான் நிலம் கைக்கு வரும். இரண்டு பேர் மேலும் பெரிய பிழை சொல்ல முடியாது. நடுவில் பீலி அடைத்துக்கொண்டு கிடக்கிறது.

இந்தக் கடையிலும் அதுதான் நடந்தது. இப்போது அதை நடத்தியவர் அந்தப் பழைய கடைக்காரரின் பேரன். நல்ல பிள்ளை. இடிக்கும் அன்று என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "அங்கிள், ஆபத்தான கட்டடம் என்று மூன்று தரம் கடிதம் வந்துவிட்டது. எப்படித் திருத்துவது என்று கேட்டுப் போனேன். இடிக்கிறதுக்கு எந்தப் படிவம் என்று சொல்கிறார்கள், திருத்துகிறதுக்கு யாரைக் கேட்பது என்று சொல்ல ஆள் இல்லை" என்றார். அது எந்த அலுவலகம் என்று எழுத நான் விரும்பவில்லை. அங்கே இருக்கும் அதிகாரியின் கையிலும் அப்படி ஒரு படிவம் இருந்திருக்காது. அதுதான் என் முறைப்பாடு.

பெரிய கட்டடங்களுக்கு ஒரு வழி பிறந்துவிடுகிறது. கோட்டையில் பழைய டச்சு ஆஸ்பத்திரியைத் திருத்தி 2011 இல் சாப்பாட்டுக் கடைகளும் துணிக்கடைகளுமாகத் திறந்தார்கள். ஒருகாலத்தில் அது பொலிஸ் நிலையமாகக்கூட இருந்தது. சுதந்திரச் சதுக்கப் பக்கம் முன்னாள் மனநோய் மருத்துவமனைக் கட்டடம் 2014 இல் கடைத்தொகுதியானது. பிரின்ஸ் வீதியில் தபால் நிலையமாக இருந்த ஒல்லாந்தர் வீடு 1982 முதல் நூதனசாலை. இவை நின்றதில் எனக்குச் சந்தோஷம். பேரப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்த் தூண்களைத் தொட்டுக் காட்டியிருக்கிறேன். 1749 இல் கட்டத் தொடங்கிய வுல்வெண்டால் தேவாலயம் மின்னல் தாக்கிக் கூரை சேதமாகியும் இன்று மேட்டில் நிற்கிறது. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரத்தைச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் திருப்பிக் கட்டியதால் அதற்குக் கவலை இல்லை. கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் கும்பிட ஆள் உண்டு, பெரிய கட்டடத்துக்கு முதலீட்டாளர் உண்டு. ஒழுங்கைக்குள் இருக்கும் மாடிக் கடைக்கு யாருமில்லை.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதில் ஒரு திகதி வருகிறது: 1815 மார்ச் 2. கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன நாள். அதற்கு முந்தியது என்றால் புராதனச் சின்னம். பிந்தியது என்றால் வர்த்தமானியில் பெயர் குறித்து அறிவிக்க வேண்டும். செட்டியார் தெரு, பிரதான வீதி, கெய்சர் வீதி, கொட்டாஞ்சேனைப் பக்கம் இன்று நாம் காணும் பழைய மாடிக் கடைகளில் மிகப் பெரும்பாலானவை அந்தத் திகதிக்குப் பிந்தியவை. பெயர் இல்லாத கட்டடத்தை எப்படிப் பெயர் குறித்து அறிவிப்பது? அந்தக் கடைக்கு ஆதன வரி இலக்கம் ஒன்றுதான் இருந்தது.

பெயர் இருந்தாலும் காப்பாற்றப்படும் என்றில்லை. கொம்பனித்தெரு டி சொய்சா கட்டடத்துக்காக எத்தனை பேர் குரல் கொடுத்தார்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட அந்த மாடிக் கடைவரிசையில் கீழே சாப்பாட்டுக் கடை, மேலே குடும்பங்கள். அதுவும் போய்விட்டது. இன்று அந்தப் பக்கம் கோபுரம் கோபுரமாகத் தொடர்மாடிகள். காலிக் கோட்டையை 1988 இல் உலக மரபுரிமை ஆக்கியபோது சனம் குடியிருக்கும் வீடுகளையும் சேர்த்துத்தான் மதில் முழுவதற்கும் அந்தப் பெயரைக் கொடுத்தார்கள். கொழும்பில் மதில் இல்லை, அதனால் தெருவைத் தெருவாகப் பார்க்கும் பழக்கமும் இல்லை.

நம் தமிழ் வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய கட்டடம் என்றால் வெள்ளைக்காரன் கட்டியது, போனால் போகட்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வரைபடம் அவன் வரைந்திருக்கலாம். 1877 இல் திறந்த கொழும்பு நூதனசாலையைக் கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார், நம் மொழி பேசிய முஸ்லிம் கட்டட வல்லுநர். புறக்கோட்டைப் பழைய நகர மண்டபமும், 1895 இன் பெரிய தபாலகமும் அவர் கையால் எழுந்தவைதான். நூதனசாலை திறப்பு விழாவில் என்ன வேண்டும் என்று தேசாதிபதி கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் இதை மூடி வையுங்கள் என்று அவர் கேட்டதாகச் சொல்வார்கள். அதுபோல வெள்ளிக்கிழமைகளில் நெடுங்காலம் மூடியும் வைத்திருந்தார்கள். 1923 இல் புறக்கோட்டை முகப்பில் கான் மணிக்கூட்டுக் கோபுரத்தை வைத்தது ஒரு பார்சிக் குடும்பம். செட்டியார் தெருக் கடைகளின் மாடியில் இருந்துதான் ஆடிவேல் தேரைப் பார்ப்போம். தேர் வரும்போது குறுக்கே போகும் வயர்களை நீண்ட தடியால் தூக்கிப் பிடிப்பது எங்களைப் போன்ற வயறிங் பையன்களின் வேலை. மாடி யன்னலில் இருந்து பெண்கள் பூப் போடுவார்கள், பாதி எங்கள் தலையில் விழும். அந்த யன்னல்கள் எல்லாம் இப்போது கண்ணாடிச் சுவர்.

மாநகர சபையையும், நகர அபிவிருத்தி அதிகார சபையையும், தொல்பொருள் திணைக்களத்தையும் நான் கேட்பது பெரிய காசுக் காரியம் அல்ல. முதலில் ஒரு தடவை நடந்து பாருங்கள். புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, மருதானை, கொம்பனித்தெரு. தெருத் தெருவாக, ஒழுங்கைக்குள்ளும் போய், மிச்சமிருக்கும் பழைய கடைகளையும் வீடுகளையும் எழுதி எடுங்கள். அந்தப் பட்டியலைத் தமிழிலும் போடுங்கள், ஏனென்றால் இந்தத் தெருக்களில் கடை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் தமிழில்தான் வாசிக்கிறோம். தன் கட்டடம் பட்டியலில் இருக்கிறது என்று தெரியாதவர் அதை எப்படிக் காப்பார்? பட்டியலில் உள்ள கட்டடத்தின் கூரையையும் பீலியையும் திருத்துகிறவருக்கு ஆதன வரியில் ஒரு கழிவு கொடுங்கள். ஆபத்துக் கடிதம் அனுப்பும்போது கூடவே இன்னொரு தாளும் வையுங்கள்: சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன்மார் இன்னின்னார், இந்த அலுவலரைப் பாருங்கள் என்று. சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், எனக்கே இரண்டு பேரைத் தெரியும், இரண்டு பேருக்கும் எழுபது கடந்துவிட்டது. அவர்கள் இருக்கும்போதே நாலு பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்க வைக்க வேண்டும்.

இடிக்கத்தான் வேண்டும் என்றால், இடிப்பதற்கு முன் அளந்து வரைந்து படம் எடுங்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி எங்கே கிடைக்கும்? அந்தக் கடையின் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. பேரனிடம் ஒரு கல்யாணப் படம் இருக்கிறது. அதில் மாப்பிள்ளைக்குப் பின்னால் ஐந்து பலகை தெரிகிறது.

மூன்றாம் நாள் பின்னேரம் நான் அங்கே போனபோது பலகைகளை ஒரு லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். விறகுக்கா, தளபாடத்துக்கா என்று கேட்டேன். ஏற்றிய தம்பிக்குத் தெரியவில்லை. ஒன்றைத் தர முடியுமா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, கைக்கு எட்டியதை இறக்கித் தந்தார். ௯. தீக்கு முந்திய பழைய பலகை, ஓரத்தில் 83 இன் கரி இன்னும் இருக்கிறது. முச்சக்கர வண்டிக்குள் பாதி, வெளியே பாதியாகக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுவந்தேன்.

பழைய நகர மண்டபத்திலோ பிரின்ஸ் வீதி நூதனசாலையிலோ அதற்கு ஓர் இடம் தருவார்கள் என்றால் நானே தூக்கிக்கொண்டு வந்து தருகிறேன். தெருக்களை நடந்து பார்க்க அதிகாரிகள் யாராவது வருவதாக இருந்தால், எந்தக் கடையில் எந்தச் சுவர் கபுக் கல், எந்த மாடியில் பழைய தேக்கு உத்தரம் இருக்கிறது என்று என்னால் காட்ட முடியும். முழங்கால் கொஞ்சம் பிடிக்கிறது, மாடி ஏறுவது மெதுவாகத்தான். ஆனாலும் கடைகள் திறப்பதற்கு முன், காலை ஏழு மணிக்கு, செட்டியார் தெரு முனையில் நான் நிற்பேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வயறிங் தொழிலாளி,
கொழும்பு 13.